எக்ஸ்70 வைத்திருப்பவர் மின்சார எஸ்யூவி ஓட்டிப் பார்த்தால்: சுங்கை சிப்புட்டில் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருப்பது புரோட்டோன் எக்ஸ்70, பெட்ரோல் எஸ்யூவி. ஈப்போவில் புரோட்டோனின் மின்சார எஸ்யூவியான இ.மாஸ் 7-ஐ டெஸ்ட் டிரைவ் கேட்டு, ஊர்ப்பக்கம் வரை கொண்டுவந்து, இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து கோயில் வாசலிலும் காலைப் பசாரிலும் இதே பேச்சுதான். கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

என்னுடையது 1.8 லிட்டர் டர்போ எக்ஸ்70, 2020-இல் தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கிய வகை. ஓட்டிப் பார்த்தது 2024 டிசம்பரில் அறிமுகமான இ.மாஸ் 7, பிரீமியம் ரகம், 60.22 யூனிட் பேட்டரி. இதைவிடச் சிறிய 49.52 யூனிட் பேட்டரியோடு பிரைம் என்று இன்னொரு ரகமும் உண்டு. அறிமுகத்தின்போது பட்டியல் விலை பிரைமுக்கு 109,800 ரிங்கிட், பிரீமியத்துக்கு 123,800 ரிங்கிட். யூனிட் என்று நான் சொல்வதெல்லாம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், கிலோவாட்-மணி.

டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

காட்சியறைக்குப் போகுமுன் உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். இதை எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன். வண்டி எவ்வளவு அழகாக ஓடினாலும், இரவில் உங்கள் வீட்டுப் போர்ச்சில் சார்ஜ் ஏறாவிட்டால் நம் ஊருக்கு அது சரிப்பட்டு வராது. காரணத்தைச் செலவுக் கணக்கில் சொல்கிறேன்.

தாமான் வீடுகளில் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ் கரண்ட். அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, சாதாரண மூன்று முள் பிளக்கில் செருகும் சார்ஜர். 10 ஆம்ப் இழுத்தால் மணிக்கு 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏறும். இரவு பத்து மணி நேரம் விட்டால் சுமார் 20 யூனிட், அதாவது 120 கிலோமீட்டர் அளவுக்கு. ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருபவருக்கு 60 கிலோமீட்டர்தான், தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பிளக் பாயிண்ட் பத்து மணி நேரம் விடாமல் 10 ஆம்ப் தாங்க வேண்டும். இருபது வருடத்துக்கு முந்திய வயரிங், ஏற்கெனவே வாஷிங் மெஷினும் வாட்டர் ஹீட்டரும் தொங்கும் லைன் என்றால் அதில் செருகவே செருகாதீர்கள். மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர். காலியான பேட்டரியைக்கூட ஒரே ராத்திரியில் நிரப்பிவிடும். ஆனால் அது தனியாக 32 ஆம்ப் இழுக்கும். அதே நேரத்தில் இரண்டு ஏர்கோனும் ஓடினால் உங்கள் மெயின் ஃபியூஸ் தாங்குமா? பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் ஃபியூஸ், ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி), எர்த் கம்பி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் எர்த் கம்பியைக் கையால் லேசாக இழுத்தார். கிளாம்பில் பிடிப்பே இல்லை. பச்சைக் களிம்பு ஏறிப்போயிருந்தது. கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதை மாற்றியே ஆக வேண்டும், மாற்றிவிட்டோம்.

எந்தச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது?

நீங்கள் தினமும் போகும் சாலையில். எந்தக் காட்சியறையும் வழக்கமாகக் காட்டுவது நாலு டிராஃபிக் லைட், ஒரு யூ-டர்ன், நல்ல தார் ரோடு. அதில் எந்தப் புது வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வார நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில், கொஞ்சம் நீண்ட ஓட்டம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எனக்கு மறுப்பில்லாமல் கொடுத்தார்கள். விற்பனையாளரும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

ஈப்போவிலிருந்து செம்மோர், கந்தான் வழியாகப் பழைய சாலையில் சுங்கை சிப்புட். அங்கிருந்து லிந்தாங் சாலையில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே. திரும்பும்போது நெடுஞ்சாலை. கந்தான் பக்கம் கனரக லாரிகள் உழுதுபோட்ட அலைஅலையான தார், தோட்டத்துப் பக்கம் ஒட்டுப்போட்ட தார், உள்ளே திரும்பினால் செம்மண். எங்கள் வாழ்க்கையே இந்த மூன்றில்தான்.

அலைஅலையான தாரில் இ.மாஸ் 7 ஒரே கட்டாக உட்கார்ந்து போகிறது. பேட்டரி தரைக்கடியில் பரவிக் கிடப்பதால் கனம் கீழே இறங்கிவிடுகிறது. வளைவில் உடம்பு சாய்வது எக்ஸ்70-ஐவிடக் குறைவு. ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தில், மெதுவாகப் போகும்போது, அந்தக் கனம் பள்ளத்தில் 'தொம்'மென்று விழுகிறது. என் எக்ஸ்70 அதே பள்ளத்தை இன்னும் மெத்தென்று கடக்கிறது. செம்மண்ணில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வண்டியின் அடிப்பக்கம் முழுதும் பேட்டரி என்பதால் நடுவில் மேடு தட்டிய டிராக்டர் தடத்தில் நான் மின்வண்டியை இறக்க மாட்டேன். தோட்டத்துக்குள் தினமும் போகும் கங்காணி, கிராணி, குத்தகைக்காரர்கள் கட்டாயம் இதை யோசிக்க வேண்டும்.

வேகம் எப்படி?

காகிதத்தில் இழுவை எக்ஸ்70-க்கு 300 நியூட்டன்-மீட்டர், இ.மாஸ் 7-க்கு 320. ஏறக்குறைய ஒன்றுதான். சாலையில் ஒன்றில்லை. பெட்ரோல் வண்டியில் மிதித்ததும் கியர் இறங்க வேண்டும், டர்போ சுழல வேண்டும், அதன் பிறகுதான் இழுவை. மின்மோட்டாரில் அந்த இழுவை மிதித்த நொடியிலேயே வந்துவிடுகிறது.

லிந்தாங் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனது. பின்பக்க வலைக்கு வெளியே ஒரு குலை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அந்தச் சாலையில் எதிரே வண்டி இல்லாத நேரான துண்டு கொஞ்சம்தான் கிடைக்கும். எக்ஸ்70-இல் நான் இன்னும் ஒரு வளைவுக்குக் காத்திருப்பேன். இதில் அந்தத் துண்டே போதுமாயிருந்தது. இரண்டு வழிச் சாலையில் லாரிக்குப் பக்கத்தில் ஓடும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பாதுகாப்பு. மின்வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முன்சக்கர ஓட்டம் என்பதால் மழை ஈரத்தில் திடீரென்று மிதித்தால் சக்கரம் சுழன்று ஸ்டீயரிங் இழுக்கும். வீட்டில் புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளை ஓட்டுமென்றால் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

காலை எடுத்தால் தானே பிரேக் பிடிக்குமாமே?

ஆமாம். பெடலிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியை மெதுவாக்கி, பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைத் திரையில் மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுபவருக்குச் சீக்கிரம் பழகிவிடும். பின்னால் உட்காருபவருக்குத்தான் சிரமம். அதிகமான அளவில் வைத்து ஓட்டியபோது என் அம்மா செம்மோர் வருவதற்குள் "தலை சுத்துதுப்பா, மெதுவா போ" என்றார். குறைந்த அளவுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. வயதானவர்களோடு போகிறவர்கள் குறைந்த அளவிலேயே வைத்து ஓட்டுங்கள்.

பின் சீட், பூட் எல்லாம்?

நீங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஓட்டுநர் சீட்டில் இருந்து இறங்கவே மனம் வராது, தெரியும். இ.மாஸ் 7-இன் சக்கர இடைவெளி 2,750 மில்லிமீட்டர், எக்ஸ்70-க்கு 2,670. முழங்காலுக்கு இடம் அதிகம், நடுவில் குழாய் மேடு இல்லாமல் தரை சமமாக இருக்கிறது, மூன்றாவது ஆள் காலை மடக்கத் தேவையில்லை. தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்ந்து, உயரமானவர்களுக்குத் தொடை சீட்டில் படியாமல் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. சேலை கட்டிக்கொண்டு ஏறி இறங்க இரண்டும் ஒன்றுபோலத்தான் என்பது அம்மாவின் தீர்ப்பு.

பூட் எக்ஸ்70-இல் பெரிது: 512 லிட்டர், இதில் 461. தீபாவளிக்குச் சாமான் வாங்கி வரும்போது தெரியும்.

அந்தப் பெரிய திரை?

எனக்குப் பிடிக்கவில்லை. படம் தெளிவு, வேகம் எல்லாம் நன்று. ஆனால் ஓடும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் தேட வைக்கும் வேலைகள் அதிகம். எக்ஸ்70-இல் ஏர்கோனைக் கை பார்க்காமலே குறைக்கும். வண்டி நிற்கும்போதே ஏர்கோன், கண்ணாடி, பிரேக் இழுவை, சாலைக்கோட்டு உதவி நான்கையும் எங்கே மாற்றுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். வண்டியைக் கோட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கும் இந்தச் சாலைக்கோட்டு உதவி நெடுஞ்சாலையில் நல்லது. மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகும் நம் உள்சாலையில் அது ஸ்டீயரிங்கை எதிர்த்துப் பிடிக்கும்; அங்கே அணைத்து வைப்பது மேல்.

410 கிலோமீட்டர் உண்மையிலேயே ஓடுமா?

பிரீமியத்துக்கு 410, பிரைமுக்கு 345 என்பது டபிள்யூ.எல்.டி.பி. என்னும் அனைத்துலகச் சோதனை முறையில் வந்த எண். ஊருக்குள்ளும் பழைய சாலையிலும் அதை நெருங்கலாம், ஏனென்றால் மெதுவான ஓட்டத்தில் மின்வண்டிக்குச் செலவு குறைவு. பெட்ரோல் வண்டிக்கு இது நேர்மாறு. நெடுஞ்சாலையில் 110-இல் நிலையாகப் போனால் காற்றைக் கிழிப்பதிலேயே கரண்ட் போய்விடும். 320 என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் 230 கிலோமீட்டர் அளவு. போய்ச் சேரலாம். திரும்பி வர நடுவில் சார்ஜ் போட்டாக வேண்டும். வெளியே இருக்கும் டிசி என்னும் வேகச் சார்ஜரில் பிரீமியம் அதிகபட்சம் 100 கிலோவாட் வாங்கும். சாப்பிட்டு, கைகால் கழுவி வரும் நேரத்தில் வீடு வந்து சேரும் அளவுக்கு ஏறிவிடும். பெருநாள் பயணக் கூட்டத்தில் முன்னால் இரண்டு வண்டி நின்றால் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைப் பக்கம் நெரிசலில் மாட்டினால் பேட்டரி தீர்ந்துவிடுமா என்று பலரும் பயப்படுகிறார்கள். தீராது. நிற்கும் வண்டியில் ஏர்கோன் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் எடுக்கும். பேட்டரியில் இருப்பது அறுபது.

கேமரன்மலை ஏறுமா?

நன்றாக ஏறும். ஆட்களோடு சேர்த்து வண்டி இரண்டு டன் என்று வையுங்கள். சிம்பாங் பூலாயிலிருந்து தானா ராத்தாவுக்கு 1,400 மீட்டர் அளவு மேலே தூக்க வேண்டும். தூக்குவதற்கு மட்டும் சுமார் 7.6 யூனிட், அது வழக்கமான ஓட்டச் செலவோடு கூடுதல். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பிப் பேட்டரிக்கே வரும். எக்ஸ்70-இல் ஏற எரித்த எண்ணெய் எரித்ததுதான். ஒரு விஷயம்: மேலேயே தங்கி நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடமிருக்காது. மோட்டாரின் பிரேக் இழுவை குறைந்து, சாதாரண பிரேக் சூடேறும்.

பெட்ரோலைவிட எவ்வளவு மிச்சம்?

வீட்டில் சார்ஜ் போட்டால் நல்ல மிச்சம். வெளியே போட்டால் மிச்சமே இல்லை. எல்லாரும் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

என் எக்ஸ்70 நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் அளவு குடிக்கிறது. 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 என்னும் மானியப் பெட்ரோல் திட்டத்தில் லிட்டர் 1.99 ரிங்கிட்; ஆக 18 ரிங்கிட். மின்வண்டி நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாகப் போவதைச் சேர்த்தால் பதினேழரை.

2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டணத்தில் வீட்டுக்கு அடிப்படை யூனிட் விலை 44 சென் அளவு. ஆனால் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கக் கழிவு உண்டு. பயன்பாடு ஏற ஏற அது இறங்கிக்கொண்டே போகும். 600 யூனிட்டைத் தாண்டினால் 'ரீடெய்ல் சார்ஜ்' என்று மாதம் 10 ரிங்கிட் கட்டணமும் சேரும். மாதம் 350 யூனிட் ஓடும் வீட்டில் காருக்கென்று 260 யூனிட் கூடினால், அந்தக் கூடுதல் யூனிட்டின் உண்மை விலை 44 சென்னில் நிற்காது. நான் 55 சென் போட்டுப் பார்த்தேன். நூறு கிலோமீட்டருக்கு 10 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. மிச்சம் 8 ரிங்கிட். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 120 ரிங்கிட். விற்பனைப் பேச்சில் வரும் தொகை இதைவிடப் பெரிதாக இருக்கும். உங்கள் வீட்டு பில்லை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது வெளிச் சார்ஜர். டிசி பல இடங்களில் யூனிட் 1.20 முதல் 1.50 ரிங்கிட் வரை. 1.30 என்றே வைத்தாலும் 16 யூனிட்டுக்கு 20 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. மானியப் பெட்ரோலைவிட அதிகம். அதனால்தான் மீட்டர் பெட்டியில் தொடங்கினேன்.

நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். எங்களுக்கு?

வீடு கம்பெனியுடையது, வயரிங்கும் கம்பெனியுடையது. நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் சார்ஜ் போட வேண்டாம். வரிசை வீடுகளில் ஒரு வீட்டு வயர் சூடேறினால் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து. சன்னல் வழியாக நீட்டிப்பு வயர் இழுத்துச் சார்ஜ் போடும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். உங்கள் பணத்துக்கு இப்போதைக்குப் பெட்ரோல் வண்டிதான் நியாயம். சொந்த வீடு கைக்கு வந்த பிறகு இதை எடுத்துப் பேசலாம்.

டயர் சீக்கிரம் தேயுமா?

கனமும் இழுவையும் அதிகம் என்பதால் வேகமாகத்தான் தேயும். தேய்மானத்தைவிட எனக்குக் கவலை முள். செம்பனை மட்டை சாலையில் கிடந்தால் அதன் முள் டயருக்குள் ஏறி ஒடிந்துவிடும். பல மின்வண்டிகளில் ஸ்பேர் டயர் கிடையாது, பசையும் காற்றடிக்கும் பெட்டியும்தான். பக்கவாட்டில் கிழிந்தால் பசை பிடிக்காது. டெஸ்ட் டிரைவில் பூட் பலகையைத் தூக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

மழையில் சார்ஜ் போடலாமா? வெள்ளம் வந்தால்?

மழையில் போடலாம், சார்ஜ் பிளக் அதற்கென்றே செய்யப்பட்டது. நம் பக்கம் சாயங்கால இடி கடுமையாக இருப்பதால், மெயின் பெட்டியில் மின்னல் காப்புக் கருவி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். வெள்ளக் காப்புறுதி சாதாரணக் காப்புறுதியில் வராது. தனியாகச் சேர்க்க வேண்டும்.

பேட்டரி போய்விட்டால்?

இந்த வண்டியில் இருப்பது இரும்பு-பாஸ்பேட் வகை. சூட்டைத் தாங்கும், முழுதாக நிரப்புவதையும் தாங்கும். பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். நம் மக்கள் எடுப்பது 9 ஆண்டு லோன். கடைசி ஒரு வருடம் உத்தரவாதம் முடிந்த பேட்டரிக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். முன்பணம் கூட்டிப் போட்டு லோனை ஏழு ஆண்டுக்குள் முடிக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள் என்பது என் கருத்து. முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வாங்கலாம், அவசரமில்லை.

ரோட் டேக்ஸ்?

2025 இறுதிவரை மின்வண்டிக்கு விலக்கு இருந்தது. 2026 முதல் மோட்டாரின் கிலோவாட் அளவை வைத்துக் கணக்கு. இ.மாஸ் 7-க்கு 160 கிலோவாட்.

கரண்ட் போனால் வண்டியிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாமா?

வீடு முழுக்க முடியாது. வண்டியிலிருந்து 3.3 கிலோவாட் வரை தனிப் பிளக்கில் எடுக்கலாம்: காற்றாடி, விளக்கு, ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர் ஓடும். கோயில் திருவிழாவில் பந்தலுக்கு ஒலிபெருக்கி போடவும் ஆகும். ஜெனரேட்டர் சத்தம் இருக்காது. வீட்டு வயரிங்கில் மட்டும் நேரே செருகிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கடைசியில் நீங்கள் மாற்றப்போகிறீர்களா?

எங்கள் வீட்டில் இரண்டு வண்டி. என் மனைவி தினமும் ஈப்போ போய்வரும் பழைய சிறிய காரைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மின்வண்டி என்று பேசி வைத்திருக்கிறோம். தினமும் ஒரே தூரம், ராத்திரி வீட்டில் சார்ஜ், அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. எக்ஸ்70 இருக்கும்; தோட்டத்துப் பக்கமும் நீண்ட பயணமும் அதன் பங்கு. ஒரே வண்டி வைத்திருக்கும் குடும்பம், மாதம் இருமுறை கோலாலம்பூர் போய்வருகிறது என்றால் நான் இன்னும் பொறுக்கச் சொல்வேன்.

டெஸ்ட் டிரைவுக்கு என்னென்ன எடுத்துப் போக?

லைசன்ஸ். குழந்தை சீட் இருந்தால் அது, மாட்டிப் பாருங்கள். உங்கள் போர்ச்சின் நீள அகலம் எழுதிய துண்டு, ஏனென்றால் இந்த வண்டி 4,615 மில்லிமீட்டர் நீளம், 1,901 அகலம், எக்ஸ்70-ஐவிடப் பெரிது. கதவு திறக்கவும் இடம் வேண்டும். கடைசி மூன்று மாத கரண்ட் பில். வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒருவர், பின் சீட்டுக்கு.